திண்டுக்கல் பூட்டும் ஒரு ஆண்ட்ராய்டு போனும்

திண்டுக்கல்காரர் யாராவது வெளியூரில் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒன்று பூட்டு என்பார், இல்லாவிட்டால் பிரியாணி என்பார். கொஞ்சம் வயதானவராக இருந்தால் புகையிலை என்பார். மலைக்கோட்டையை யாரும் சொல்வதில்லை, பாவம். இத்தனைக்கும் ஊருக்குள் எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற பாறை அது.

இது பூட்டு பற்றிய கதை. செல்போன் பற்றிய கதையும்தான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது நாகல் நகர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். வயது 68. தெருவில் எல்லோருக்கும் அவர் தாத்தா. பன்னிரண்டு வயதில் அரம் பிடித்தவர். இன்னும் விடவில்லை.

அவர் செய்வது மாங்காய்ப் பூட்டு. பார்க்க மாங்காய் மாதிரியே இருக்கும், அதனால் அந்தப் பெயர். கையில் எடுத்தால் கனம் தெரியும். உள்ளே லீவர் என்று சொல்லப்படும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு தகடுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங். சரியான சாவியை நுழைத்துத் திருப்பினால் ஒவ்வொரு தகடும் தனக்கு உண்டான உயரத்துக்கு எழும். எல்லாத் தகட்டிலும் உள்ள வெட்டு ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். ஒரு தகடு கொஞ்சம் குறைவாக எழுந்தாலும் திறக்காது, கொஞ்சம் அதிகமாக எழுந்தாலும் திறக்காது. இதெல்லாம் கையால் அரம் போட்டுச் செய்வது என்பதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. இந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. மாவட்டத்துக்கு டபுள் சந்தோஷம். ஆனால் குறியீடு வந்ததால் பட்டறைகள் பெருகிவிடவில்லை. அலிகரிலிருந்து மெஷினில் செய்த பூட்டு பாதி விலைக்கு வந்து இறங்குகிறது. படித்த பிள்ளைகள் அரம் பிடிக்க வருவதில்லை. தாத்தாவின் மகனே திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார்.

அந்த மகன் தன் பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்துவிட்டுப் போனது கொரோனா சமயத்தில். வீடியோ காலில் பேரனைப் பார்ப்பதற்காக. பிறகு மெல்ல மெல்லத் தொழிலும் அதற்குள் போய்விட்டது. ஒட்டன்சத்திரம் இரும்புக் கடைக்காரர், பாலக்காட்டு வியாபாரி, இரண்டு மூன்று கோயில் அலுவலகங்கள் என்று எல்லோரும் வாட்ஸப்பில்தான் ஆர்டர் தருகிறார்கள். கதவைப் படம் எடுத்து அனுப்புவார்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. தாத்தா பார்த்துவிட்டு விலை சொல்லுவார்.

சரி, ஆறு லீவர் பூட்டு செய்கிறவருடைய போனுக்கு என்ன பூட்டு என்று கேட்கிறீர்களா? 1234. சிரிக்க வேண்டாம். உங்களுடையதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!

பட்டறைக்கு எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன். சாயங்காலம் பட்டறைத் திண்ணையில் வந்து உட்கார்ந்து போனை நோண்டுவான். கணினி, செல்போன் செய்திகள் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் கேட்பதில்லை. தாத்தா கேட்பார். கேட்பதோடு நிற்காமல் குறுக்குக் கேள்வியும் போடுவார்.

அவன் சொன்னதில் தாத்தாவுக்கு மிகவும் பிடித்தது பிக்சல் போன் சங்கதி. 2022-இல் நடந்தது. ஹங்கேரியைச் சேர்ந்த டேவிட் ஷூட்ஸ் என்பவர் பயணம் முடிந்து வீட்டுக்கு வருகிறார். அவருடைய பிக்சல் 6 சார்ஜ் இல்லாமல் அணைந்துபோகிறது. மறுபடி போட்டால் சிம் கார்டின் பின் எண்ணைக் கேட்கிறது. மறந்துபோய் மூன்று முறை தப்பாக அடிக்கிறார். சிம் பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்க பி.யு.கே. என்ற எட்டு இலக்க எண் வேண்டும். அது சிம் வந்த அட்டையில் இருக்கும். தேடி எடுத்து அடித்து, புதுப் பின் எண் வைக்கிறார். அப்போது போன் கொஞ்சம் விசித்திரமாக நடந்துகொள்கிறது. முதல் தடவை போட்ட போன் திரைப் பூட்டின் கடவுச்சொல்லைக் கேட்டே ஆகவேண்டும், ஆனால் அது கைரேகை போதும் என்கிறது. இது என்னடா என்று திரும்பத் திரும்பச் செய்துபார்க்கிறார். ஒரு முறை போனை அணைக்காமலே சிம்மை மட்டும் கழற்றி மாட்டி அதே வேலையைச் செய்கிறார். கடவுச்சொல்லும் இல்லை, கைரேகையும் இல்லை, போன் நேரே உள்ளே விட்டுவிடுகிறது!

காரணம் என்னவென்றால், ஆண்ட்ராய்டில் பாதுகாப்புத் திரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சிம் திரையின் வேலை முடிந்ததும் "மேலே இருக்கும் திரையை நீக்கு" என்று ஒரு கட்டளை போகும். ஆனால் அந்தக் கணத்துக்குள் சிம் திரை ஏற்கெனவே விலகி, போனின் பூட்டுத் திரை மேலே வந்திருக்கும். கட்டளை அதை நீக்கிவிட்டது. யாருடைய போன் கையில் கிடைத்தாலும், தன்னுடைய சிம் ஒன்றையும் அதன் பி.யு.கே. எண்ணையும் வைத்திருப்பவன் திறந்துவிடலாம் என்ற நிலை. 2022 நவம்பரில் கூகுள் இதைச் சரிசெய்தது, ஷூட்ஸுக்கு 70,000 டாலர் கொடுத்தது.

பையன் இதை விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். தாத்தா ஒரே வரியில் முடித்தார். "திருடன் அவன் பூட்டைக் கொண்டாந்து நம்ம கதவுல மாட்டிருக்கான். அதை அவன் சாவியில தெறந்தான். நம்ம பூட்டும் சேர்ந்து விழுந்துருச்சு. அதானே?"

அதேதான்.

அப்புறம் அவர் கேட்டது: "குத்தம் கண்டுபுடிச்சவனுக்குக் காசு குடுத்தானா? போலீஸ்ல புடிச்சுக் குடுக்கலையா?"

நியாயமான சந்தேகம். ஆனால் பூட்டுத் தொழிலுக்கு இது ஒன்றும் புதிதில்லை. லண்டனில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனி 1790-இலேயே தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இதைத் திறக்கிற கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தது. அறுபது வருஷம் யாராலும் முடியவில்லை. இன்னொரு கம்பெனி சப். 1818-இல் ஜெரமையா சப் செய்த பூட்டில் ஒரு வித்தை இருந்தது. தப்பான சாவியோ கம்பியோ நுழைத்து ஒரு லீவரை அதிகமாகத் தூக்கினால் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். அடுத்த முறை உண்மையான சாவியைப் போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். நம் போனில் தப்பாக அடித்தால் "முப்பது விநாடி கழித்து முயலவும்" என்று வருகிறதே, அதற்குக் கொள்ளுத்தாத்தா இது.

1851-இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்றொருவர் வந்தார். ஆல்ஃபிரெட் சார்லஸ் ஹாப்ஸ். சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். எப்படி? அந்த இறுகிக்கொள்ளும் வித்தையை வைத்தேதான்! லீவர் எந்த உயரத்தில் இறுகுகிறது என்பதே அதன் சரியான உயரத்துக்குத் துப்பாகிவிட்டது. பிராமா பூட்டுக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்து 200 கினியை வாங்கிக்கொண்டார். பத்திரிகைகளில் பெரிய சண்டை. இப்படிப் பகிரங்கமாகச் சொன்னால் திருடனுக்குப் பாடம் எடுத்த மாதிரி ஆகாதா என்று ஒரு கட்சி. திருடனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டு வாங்குகிறவனுக்குத்தான் என்று ஹாப்ஸ் கட்சி. இன்றைக்கும் மென்பொருள் உலகில் நடப்பது இதே சண்டைதான், தேதியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம்ம ஊர்ப் பக்கத்திலும் ஹாப்ஸ் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். 2013-இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த அருள்குமார் என்ற இளம் பொறியாளர், யாருடைய ஃபேஸ்புக் படத்தையும் நீக்கிவிடக்கூடிய ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லி 12,500 டாலர் வாங்கினார். 2015-இல் லக்ஷ்மண் முத்தையா வேறு வழியில் அதே மாதிரி ஒன்று, யாருடைய ஆல்பத்தையும் மொத்தமாக அழிக்கும் ஓட்டை. அவருக்கும் 12,500 டாலர். ஆனால் லக்ஷ்மண் 2019-இல் செய்தது அதைவிட சுவாரசியம்.

இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால் போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்புவார்கள். பத்து நிமிஷம்தான் செல்லும. ஆறு இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் சாத்தியங்கள். வரிசையாக அடித்துப் பார்த்தால் எங்கோ ஒன்று திறக்கும். அதைத் தடுக்க, ஒரே முகவரியிலிருந்து (ஐபி முகவரி) அளவுக்கு மீறி முயற்சி வந்தால் மறித்துவிடுவார்கள். லக்ஷ்மண் 1,000 வெவ்வேறு முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தார். எதுவும் மறிக்கப்படவில்லை. பத்து லட்சத்தையும் முயல 5,000 முகவரி போதும், கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் சுமார் 150 டாலர் செலவு என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். பரிசு 30,000 டாலர். 2021-இல் மைக்ரோசாஃப்டில் ஏழு இலக்க எண்ணை இதே பாணியில் உடைத்துக் காட்டி 50,000 டாலர்.

தாத்தா இதைக் கேட்டுவிட்டு அரத்தைக் கீழே வைத்தார். "ஒருத்தனே வந்து ரெண்டு லட்சம் சாவி போட்டா காவக்காரன் கேப்பான். ஆயிரம் பேரு வந்து ஆளுக்கு இருநூறு போட்டா, ஒவ்வொருத்தனும் யோக்கியன் மாதிரில்ல இருப்பான்!"

பையனுக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்ததாம்.

எல்லா நாளும் இப்படி ஆழமாகப் போகாது. சில நாள் வெறும் தமாஷ். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு ஐபோனைக் கவிழ்த்தது. தெலுங்கில் "ஞானம்" என்று எழுதும்போது முதலில் வருமே, ஜ்ஞா, அதேதான். அது செய்தியாக வந்தால் அந்தச் செய்தி மென்பொருள் படுத்துவிடும், திரும்ப எழுந்திருக்காது. அதே மாதிரி சில வங்காள, தேவநாகரிக் கூட்டெழுத்துகளும். ஆப்பிள் சில நாட்களில் 11.2.6 என்று புதுப் பதிப்பு விட்டுச் சரிசெய்தது. ஞானம் வந்ததும் போன் செயலற்றுப் போவதில் தத்துவம் ஏதோ இருக்கிறது என்று பையன் சொல்ல, தாத்தா வாய்விட்டுச் சிரித்தார்.

இன்னொன்று, 1970. 2016-இல் இணையத்தில் ஒரு படம் சுற்றியது. ஐபோனின் தேதியை 1970 ஜனவரி 1 என்று மாற்றி அணைத்துப் போட்டால் அந்தக் காலத்து ஆப்பிள் சின்னம் தெரியும் என்று. நம்பிச் செய்தவர்களுக்குச் சின்னம் தெரிந்தது உண்மைதான். புதுச் சின்னம்தான். அதோடு நின்றுபோய் போன் வெறும் கல்லாகிவிட்டது! கணினிகள் பல காலத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடி விநாடியாக எண்ணுகின்றன. அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் விபரீதம். 9.3 பதிப்பில் சரியானது.

2020 ஜூனில் ஒரு ஏரிப் படம். அமெரிக்காவில் இருக்கும் கௌரவ் அகர்வால் என்பவர் பொழுதுபோக்காக எடுத்த அழகான படம், மலையும் மேகமும் தண்ணீருமாக. அதை ஆண்ட்ராய்டு 10 போனில் வால்பேப்பராக வைத்தால் திரை அணைந்து அணைந்து எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே போகவே முடியாது. படத்தில் வைரஸ் ஒன்றும் கிடையாது. அதன் நிறக் குறிப்பு வேறு வகை. வெளிச்சத்தை 0-இலிருந்து 255 வரை எண்ணி வைத்திருந்த நிரலில் ஒரு புள்ளி 256 ஆகிவிட்டது. அவ்வளவுதான். பாவம், அந்த மனிதர் ஐபோன்காரர், அதில் மனைவி படத்தைத்தான் வால்பேப்பராக வைப்பாராம். அதனால் அவருக்கு இது தெரியவே இல்லை.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் பையன் தாத்தா போனின் அமைப்புகளுக்குள் போய் ஒரு விஷயம் பார்த்திருக்கலாம். 'போனைப் பற்றி' என்ற இடத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதி வரை என்று இருக்கும். 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டை வெளிவந்தது. ஒரு எம்.எம்.எஸ். அனுப்பினாலே போதும், திறக்கக்கூட வேண்டாம், போனுக்குள் நுழையலாம் என்று. உலகில் 95 கோடி ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஆபத்து என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கூகுள் மாதா மாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. ஆனால் கூகுள் வெளியிடுவது ஒன்று, போன் செய்த கம்பெனி அதைக் கொண்டுவந்து சேர்ப்பது வேறொன்று. விலை குறைந்த பழைய போன்களுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் நிறுத்திவிடுவார்கள். தாத்தாவின் போனுக்கு நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

நடந்ததற்கு அதுகூடக் காரணமில்லை என்பதுதான் வேடிக்கை. ஷூட்ஸ் மாதிரி, லக்ஷ்மண் மாதிரி மூளைக்காரர் யாரும் தேவைப்படவில்லை.

2024 டிசம்பரில் ஒரு மதியம். ஒட்டன்சத்திரம் இரும்புக் கடைக்காரர் எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு கோப்பு வந்தது. வாகன அபராதம், உடனே பார்க்கவும் என்று. தாத்தாவிடம் ஒரு பழைய டிவிஎஸ் 50 உண்டு. முந்தின வாரம்தான் பழனி ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் போனபோது ஒரு போலீஸ்காரர் போனில் படம் எடுத்த மாதிரி இருந்தது. நாலு நாளாக மனசில் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வேறு வந்திருக்கிறது. கடைக்காரர் ஏதோ தனக்கு வேண்டி விசாரித்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துத் தொட்டார்.

அது ஏபிகே கோப்பு. அதாவது ஆண்ட்ராய்டில் நேரடியாக நிறுவப்படும் மென்பொருள். போன் சும்மா இருந்துவிடவில்லை. தெரியாத இடத்திலிருந்து வருவது, ஆபத்தாக இருக்கலாம் என்று எச்சரித்தது. ஆங்கிலத்தில்! தினமும் காலையில் தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கிற மனிதருக்கு அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. அந்தப் போனில் தமிழ் இருக்கிறது. மாற்றித் தர யாருக்கும் தோன்றவில்லை, தினமும் அதில் ஞானக்கதை சொல்லிக்கொண்டிருந்த பையனுக்கும் தோன்றவில்லை. தாத்தா எல்லாவற்றுக்கும் நீல நிறப் பொத்தானை அமுக்கினார். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தார். பிறகு அரசாங்கச் சின்னம் போட்ட ஒரு பக்கம் வந்து, சிறு தொகை கட்டச் சொல்லி ஏ.டி.எம். அட்டை எண்ணைக் கேட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடித்தார்.

இந்த உத்தி ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. 2004-இல் வந்த காபிர்தான் செல்போனில் பரவிய முதல் புழு. நோக்கியா 6600 மாதிரி சிம்பியன் போன்களில் ப்ளூடூத் வழியாகத் தொற்றும். அது கள்ளத்தனமாக உள்ளே நுழையாது. ஏற்றுக்கொள்ளவா என்று போன் கேட்கும், ஆம் என்று சொன்னால்தான் வரும். வேண்டாம் என்றால் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும், சனியன் தொலையட்டும் என்று ஒருவன் ஆம் சொல்லும் வரைக்கும். 2005-இல் ஹெல்சிங்கியில் உலகத் தடகளப் போட்டி நடந்த மைதானத்தில் அது பரவியது, நோக்கியாவின் சொந்த நாட்டிலேயே.

தாத்தாவின் கணக்கிலிருந்து முதலில் 41,000 ரூபாய் போனது. பன்னிரண்டு நிமிஷம் கழித்து 21,000. ஒருமுறைக் கடவு எண்கள் குறுஞ்செய்தியாக வந்தன, ஆனால் அந்த மென்பொருள் அவற்றை வாங்கி எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது எடுப்பு கணக்கில் பணம் இல்லாததால் நடக்கவில்லை. அந்தச் செய்தியைப் பார்த்துதான் தாத்தா எதிர்வீட்டுக்கு வந்தார். செருப்பு போடவில்லை.

பையன் செய்ததில் இரண்டு சரி. உடனே போனை ஏர்பிளேன் நிலைக்கு மாற்றினான். தன் போனிலிருந்து 1930-க்கு அழைத்தான். இணைய நிதி மோசடிகளைப் பதிவு செய்யும் தேசிய எண் அது. 2021-இல் 155260 என்று தொடங்கி, பிறகு 1930 ஆனது. பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே புகார் போனால் வழியில் எங்காவது முடக்கிவைக்க முடியும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் முக்கியம் என்கிறார்கள். மூன்றாவது தடவை லைன் கிடைத்தது. 21,000 ஏதோ ஒரு வடமாநிலக் கிளைக் கணக்கில் முடக்கப்பட்டது. 41,000 அதற்குள் ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டது.

அடுத்த நாள் வங்கிக்குப் போனார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி ஒன்று அப்போது இருந்தது. வங்கி மீதும் தப்பில்லாமல் வாடிக்கையாளர் மீதும் தப்பில்லாமல் வேறெங்கோ நடந்த மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. ஆனால் அட்டை விவரத்தை அவரே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போன பணம் அவர் தலையில்தான். தாத்தா எதையும் மறைக்கவில்லை. "நான்தான் சார் அடிச்சேன்" என்றார். அந்த அதிகாரி தங்கமான மனுஷர், வருத்தப்பட்டார், ஆனால் விதி விதிதான். போலித் திரையில் அரசாங்கச் சின்னத்தைப் பார்த்து எண்ணைத் தந்தவரும், தெரிந்தே தூக்கிக் கொடுத்தவரும் அந்த விதியின் கண்ணுக்கு ஒன்றுதான் என்பது கொஞ்சம்கூட நியாயமாகப் படவில்லை. பேத்தி காது குத்துக்கு வைத்திருந்த பணம் அது.

ஆனால் தாத்தாவைப் போட்டு வாட்டியது பணம் இல்லை. அன்றைக்கு ராத்திரியே தெரிந்தது அது. ஒட்டன்சத்திரத்துக்காரர் எதையும் அனுப்பவில்லை. அவர் போனில் நுழைந்த அந்த மென்பொருள்தான் அவர் பெயரில் எல்லோருக்கும் அனுப்பியது. அப்படியானால் தாத்தா போனிலிருந்தும்...?

ஆமாம். 143 பேருக்குப் போயிருந்தது.

"நாப்பது வருசமா எங்கிட்ட பூட்டு வாங்குறவுகடா" என்றார். "நான் அனுப்பிச்சேன்னா யோசிக்காமத் தெறப்பாக."

ராத்திரி எட்டரை மணிக்குப் பட்டறையில் உட்கார்ந்து இருவரும் ஆரம்பித்தார்கள். பையனின் போனில் எண்ணைப் போட்டுக் கொடுக்க, தாத்தா பேசினார். ஒவ்வொருவரிடமும் தன் பெயரைச் சொல்லி, தன் போன் கெட்டவன் கையில் போய்விட்டது, அபராதம் என்று ஒன்று வந்திருக்கும், தொடாதீர்கள், தொட்டிருந்தால் இந்த நம்பருக்கு அடியுங்கள். நிலக்கோட்டைப் பூ வியாபாரி தூக்கத்திலிருந்து எழுந்து திட்டினார். கோயில் எழுத்தர் ஒருவர் திறந்துவிட்டிருந்தார், ஆனால் அனுமதி கேட்டபோது பயந்து நிறுத்தியிருந்தார். வேடசந்தூர் மில் வாட்ச்மேன் ஒருவர் எல்லாவற்றையும் அமுக்கி முடித்திருந்தார். கணக்கில் 600 ரூபாய்தான் இருந்ததால் தப்பினார். வறுமை என்பதும் ஒருவகைப் பாதுகாப்பு ஏற்பாடுதான் போலிருக்கிறது! பாலக்காட்டு வியாபாரி பதினொன்றே கால் மணிக்குக் கிடைத்தார். நாலு தடவை தொட்டேன், ஒன்றுமே திறக்கவில்லை, என்ன அனுப்பினீர்கள் என்று அவரே கோபமாகக் கேட்டார். ஐபோன். ஏபிகே அதில் ஓடாது.

அன்று 61 பேர். மீதியை அடுத்த நாள் காலையில் முடித்தார்கள். இரண்டு பேரிடம் பணம் போயிருந்தது. ஒருவருக்கு 3,500, இன்னொருவருக்கு 9,000. அந்தத் தொகைக்குப் பூட்டாகத் தருகிறேன் என்று தாத்தா சொன்னார். ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொருவர் வாங்கிக்கொண்டார்.

பையன் அந்த வாரம் போனை மொத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றினான். மொழியைத் தமிழுக்கு மாற்றினான். தெரியாத இடத்திலிருந்து மென்பொருள் நிறுவும் அனுமதி ஒவ்வொன்றாக மூடப்பட்டது. 1234 போனது. புது எண்ணைத் தாத்தாவே வைத்தார், பையனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு. பட்டன் போனுக்கே போய்விடுகிறேன் என்று இரண்டு நாள் அடம் பிடித்தார். பேரன் முகமும் கதவுப் படங்களும் அதில் வராதே என்பதால் அந்தப் பேச்சு நின்றது.

முடக்கிய 21,000 ரூபாயைத் திரும்ப வாங்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். அதற்கு மனு, வங்கிக் கணக்கு நகல், புகார் எண், ஆதார் நகல், எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் இருக்கின்றன. இரண்டு முறை போய்வந்தாகிவிட்டது. மூன்றாவது முறைக்குப் பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒட்டன்சத்திரம் கடைக்காரர் எண்ணிலிருந்து மறுபடி ஒன்று வந்தது. தாத்தா தொடவில்லை. போனை அப்படியே ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"என்னன்னு பாரு."

பையன் பார்த்தான். "படம்தான் தாத்தா. கிட்டங்கிக் கதவு. பக்கத்துல ஸ்கேல் வெச்சிருக்காரு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் தாத்தா."

"அப்ப அவருக்கு ஒரு போனைப் போடு" என்றார். "அவருதான் அனுப்புனாரான்னு கேட்டுக்கிட்டு வெல சொல்லுவோம்."